வெளியே எடுக்கும் விதியை எழுதிக் கொடுங்கள்: தடையற்ற வர்த்தக மண்டல நிர்வாகத்துக்கும் சுங்கத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மண்டல நிர்வாகத்தினருக்கும், மண்டல வாயிலில் பணியாற்றும் சுங்க அதிகாரிகளுக்கும்,

நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கையில் இருக்கிறது. மண்டலத்துக்குள் உள்ள சரக்கை இனிமேல் பகுதி பகுதியாக உள்நாட்டுச் சந்தைக்கு எடுக்க முடியாது, ஒரே அறிவிப்பில் (சரக்கு விவரத்தைச் சுங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் படிவம்) உள்ளே வந்தது ஒரே அறிவிப்பில்தான் வெளியே போக வேண்டும் என்கிறீர்கள். உள்ளே வந்த சரக்கு எவ்வளவு காலம் தங்கலாம் என்பதற்கும் வரம்பு வைத்திருக்கிறீர்கள். வரம்பைத் தாண்டினால் கூடுதல் கட்டணம், அதற்கும் மேல் போனால் ஏலம். காரணம் என்று இருப்பது "நிர்வாக வசதி கருதி" என்ற சொற்கள் மட்டும்தான். ஏற்கெனவே கிடங்கில் இருக்கும் சரக்குக்கு இது பொருந்துமா, வாங்குபவர்களிடம் நாங்கள் ஒப்புக்கொண்ட டெலிவரி தேதிகள் என்ன ஆகும், யாரிடம் முறையிடுவது, எதுவும் அதில் இல்லை. நான் சிறிய அளவில் இறக்குமதி செய்து விற்பவன். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அலுவலகத்தில் நேரில் கேட்டோம், எழுத்திலும் கொடுத்தோம், பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பகுதி பகுதியாக எடுப்பது நீங்கள் எங்களுக்குத் தரும் ஒரு கூடுதல் வசதி என்று நினைப்பது தெரிகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு மண்டலம் என்பதே அதுதான். ஒரு கன்டெய்னர் சரக்கை நேராகத் துறைமுகத்தில் கிளியர் செய்து நாட்டுக்குள் கொண்டுவந்தால், ஒரு பெட்டிகூட விற்பதற்கு முன்பே மொத்தச் சரக்குக்கும் சுங்க வரியையும் அதோடு சேரும் மற்ற வரிகளையும் கட்டியாக வேண்டும். பெரிய நிறுவனம் அதைத் தாங்கும். கடன் வாங்கித் தொழில் செய்பவனுக்கு அடுத்த ஆர்டருக்கு வைத்திருந்த முதலே அதில் போய்விடும். மண்டலத்தில் வைத்தால் கதை வேறு. வரியைப் பொறுத்தவரை, அங்கே இருக்கும் சரக்கு நாட்டின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகவே கருதப்படுகிறது. அது வாயிலைத் தாண்டி உள்நாட்டுக்கு வரும்போதுதான் வரி பிறக்கிறது. ஆயிரம் பெட்டி வந்திருக்கிறது, நூறு பெட்டிக்கு ஆள் கிடைத்தார் என்றால் அந்த நூறுக்கு மட்டும் வரி கட்டி எடுப்பேன், விற்ற காசில் அடுத்த நூறை எடுப்பேன். முந்நூறு பெட்டி இங்கே போகாது என்று தெரிந்தால் வேறு நாட்டில் இருப்பவருக்கு அங்கிருந்தே அனுப்பிவிடலாம், அதற்கு இங்கே இறக்குமதி வரி கிடையாது. வரியைக் கட்டிவிட்டு, ஏற்றுமதி செய்தபிறகு திரும்பக் கேட்டு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் தலைவலி இல்லை. இதையெல்லாம் எடுத்துவிட்டு, வந்ததை மொத்தமாக எடு என்றால், துறைமுகத்திலேயே வரி கட்டி எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உங்களுக்குக் கட்டும் வாடகை மட்டும்தான் வித்தியாசம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சரக்கைத் திறந்து பார்த்து, தரம் சரியில்லாததைப் பிரித்து, வரி கட்டாமலேயே அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்ப முடிவது மண்டலத்தில்தான். உள்நாட்டு விதிப்படி லேபிள் ஒட்ட வேண்டும், பேக்கிங் மாற்ற வேண்டும் என்றால் அதையும் அங்கேயே முடித்துவிட்டு வெளியே எடுக்கலாம். தரம் பிரித்தால் நல்லது ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம் என்று சரக்கு இரண்டாகத்தான் ஆகும். இரண்டும் சேர்ந்துதான் வெளியே போக வேண்டும் என்று சொன்னால் தரம் பிரித்ததற்கே பொருள் இல்லாமல் போகிறது. சுற்றறிக்கையை எழுதியவர்கள் இதை யோசித்தார்களா என்று உண்மையாகவே கேட்கிறேன்.

இந்த மண்டலங்கள் எதற்காக வந்தன என்று பார்த்தாலும் இதே விடைதான் கிடைக்கும். இன்று இத்தாலியில் உள்ள ட்ரியஸ்டே 1719-இலேயே சுதந்திரத் துறைமுகம், அதாவது வரி கட்டாமல் சரக்கை இறக்கிவைக்கக்கூடிய துறைமுகம், ஆனது. ஜெர்மனியின் ஹாம்பர்க் 1888 முதல் 2012 முடியும்வரை அப்படி ஒரு பகுதியை வைத்திருந்தது. பனாமாவின் கொலோன் மண்டலம் 1948-இல் தொடங்கியது, அதன் முதன்மையான தொழிலே மொத்தமாக வரும் சரக்கை இறக்கிவைத்து, பிரித்து, லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்வதுதான். அயர்லாந்தின் ஷானன் 1959-இலும், இந்தியாவின் காண்ட்லா 1965-இலும் வந்தபோது உற்பத்தி, ஏற்றுமதி என்று நோக்கம் விரிந்தது. 1985-இல் வந்த துபாயின் ஜெபல் அலி இரண்டையும் சேர்த்துச் செய்கிறது. ஐக்கிய நாடுகளின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கைப்படி 147 பொருளாதாரங்களில் ஏறக்குறைய 5400 சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் இருந்தன. வகை பலவாக இருக்கலாம். ஆனால் வணிகனுக்கான மண்டலம் என்றால், மொத்தமாக வந்ததை வைத்திருந்து தேவைக்கேற்பப் பிரித்து அனுப்பும் இடம் என்பதுதான் அன்றும் இன்றும் அதன் அடிப்படை வேலை. அந்த வேலையையே உங்கள் சுற்றறிக்கை தடுக்கிறது.

தங்கும் கால வரம்பைப் பற்றி. உலக சுங்க அமைப்பின் திருத்தப்பட்ட கியோட்டோ உடன்படிக்கை 1999-இல் ஏற்கப்பட்டு 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் தடையற்ற மண்டலங்களுக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. மண்டலத்தில் சரக்கு தங்கும் காலத்துக்கு விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே வரம்பு வைக்கலாம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. அந்த அத்தியாயம் உடன்படிக்கையின் தனி இணைப்பில் இருக்கிறது, அதை ஏற்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு நாட்டின் விருப்பம், அது எனக்குத் தெரியும். அதனால் இது உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று நான் வாதாடவில்லை. உலகத்தின் சுங்கத் துறைகள் கூடி உட்கார்ந்து நல்ல நடைமுறை இது என்று எழுதிவைத்ததற்கு நேர் எதிராகப் போகிறீர்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள் என்கிறேன். நிர்வாக வசதி என்பது எப்படி விதிவிலக்கான சூழ்நிலை ஆகும்? கிடங்கில் இடம் போதவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். கைவிடப்பட்ட சரக்கு குவிந்து கிடக்கிறது என்றால் அந்தச் சரக்கின் மேல் நடவடிக்கை எடுங்கள். மாதாமாதம் வாடகை கட்டி, கணக்குக் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருப்பவனின் சரக்கையும் அதோடு சேர்த்து ஏலத்தில் நிறுத்துவது நியாயம் இல்லை.

சுற்றறிக்கை வந்ததால் எழுத உட்கார்ந்தேன், ஆனால் பிரச்சினை அதற்கு முன்பே இருக்கிறது. உள்ளே வருவதற்கு வழிகாட்டிக் கையேடு வைத்திருக்கிறீர்கள், படம் போட்ட விளம்பரம் வைத்திருக்கிறீர்கள், உரிமம் வாங்க என்ன காகிதம் தேவை என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறீர்கள். வெளியே எடுப்பதற்கு அப்படி எதுவும் இல்லை. "வரியே இல்லை" என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள், உள்நாட்டுக்கு எடுத்தால் வரி உண்டு, தள்ளிப்போடப்பட்டதுதான், ரத்தாகவில்லை என்பது எங்கேயும் அதே அளவு எழுத்தில் இல்லை. புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் அந்த விளம்பரத்தை நம்பி விலை போட்டுவிட்டு, வாயிலில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சுங்க வரி என்பதே தங்கள் கணக்கில் வராது என்று நம்பி வந்தவர்கள் அவர்கள்.

வரி விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு உள்ளே வந்தபோது ஒரு விகிதம், வெளியே எடுக்கும்போது இன்னொரு விகிதம் என்றால் எது பொருந்தும்? வணிகனுக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இதற்கு நேராகவே பதில் சொல்கிறது: மண்டலத்திலிருந்து எடுக்கும் நாளில் நடப்பில் உள்ள விகிதம், அந்த நாளைக் கண்டறிய முடியாவிட்டால் வரி செலுத்திய நாளின் விகிதம். அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மண்டலங்களில் வேறு வழி இருக்கிறது. சரக்கின் தன்மையை மாற்றும் வேலை எதையும் செய்வதற்கு முன் விண்ணப்பித்தால், சரக்கு எந்த வரி வகையில் வரும் என்ற அன்றைய வகைப்பாட்டையும் விகிதத்தையும் அப்படியே நிறுத்திவைத்துக்கொள்ளலாம், பிறகு எப்போது எடுத்தாலும் அதுதான். 2025-இல் வந்த புதிய வரிகள் பலவற்றுக்கு இப்படி நிறுத்திவைப்பதைக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டார்கள். வணிகர்களுக்கு அது கசப்பான முடிவுதான், ஆனால் அதையும் எழுத்தில் வைத்தார்கள், படித்தவன் கணக்குப் போட்டுக்கொள்ள முடிந்தது. எது நல்ல முறை என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை இங்கே நான் கேட்கவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். மண்டலத்திலிருந்து எடுக்கும் சரக்கின் மதிப்பு, அளவு, வரி விகிதம் ஆகியவற்றை எந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுவது என்று நாட்டுச் சட்டம் குறிப்பிட வேண்டும் என்று அதே கியோட்டோ அத்தியாயமும் சொல்கிறது.

இங்கே எனக்கு நடந்தது இது. வரி உயரப்போகிறது என்ற பேச்சு இருந்த நேரத்தில் ஒரு லாட்டை எடுக்க விண்ணப்பம் போட்டேன், ஏற்றுக்கொள்ளப்பட்டது, பணமும் கட்டிவிட்டேன். அன்று மாலை கேட் பாஸ் தரும் கணினி வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள் என்றார்கள். மறுநாள் புதிய விகிதம் வந்துவிட்டது, வித்தியாசத்தைக் கட்டினால்தான் வண்டி நகரும் என்றார் மேசையில் இருந்தவர். விண்ணப்பித்த நாளா, பணம் கட்டிய நாளா, வண்டி வாயிலைத் தாண்டும் நாளா, எந்த நாள் கணக்கு என்று கேட்டேன். அவர் ஒன்று சொன்னார், பக்கத்து அறையில் இருந்தவர் வேறொன்று சொன்னார், எழுத்தில் காட்டுங்கள் என்றதற்கு இருவரிடமும் எதுவும் இல்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்கள் கையில் எதையும் கொடுக்காமல் மேசையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வித்தியாசத்தைக் கட்டிவிட்டுத்தான் எடுத்தேன், ஏனென்றால் வண்டி வாடகை ஏறிக்கொண்டிருந்தது, வாங்குபவர் போன் மேல் போன் செய்துகொண்டிருந்தார்.

மதிப்பு விஷயமும் இப்படித்தான். மண்டலத்துக்குள் ஆன கிடங்கு வாடகை, லேபிள் ஒட்டிய கூலி, பேக்கிங் மாற்றிய செலவு, இவை வரி போடும் மதிப்பில் சேருமா சேராதா? சரக்கு உள்ளே இருக்கும்போதே ஒரு வணிகர் இன்னொருவருக்கு விற்றுவிட்டால் எந்த இன்வாய்ஸ் செல்லும், முதல் இன்வாய்ஸா, உள்ளே நடந்த விற்பனையின் இன்வாய்ஸா? இரண்டுக்கும் இடையில் லாபம் என்ற ஒன்று இருக்கிறது, அதற்கும் சேர்த்து வரி வருமா என்பதைப் பொறுத்துத்தான் நான் விலை சொல்ல முடியும். அதிகாரிக்கு அதிகாரி பதில் மாறும்போது நான் எந்த விலையைச் சொல்வது?

அடுத்தது பிறப்பிடச் சான்று, நாங்கள் சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் என்று சொல்வது. இதில்தான் சிறியவர்கள் பலர் சத்தமில்லாமல் இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு நாடுகளுக்கு இடையே வர்த்தக ஒப்பந்தம் இருந்தால், ஒரு நாட்டில் உற்பத்தியான பொருளுக்கு மற்ற நாட்டில் குறைந்த வரியோ வரியே இல்லாமலோ போகலாம். அந்தச் சலுகை பொருளின் பிறப்பிடத்தோடு வருவது. மண்டலத்தில் வைத்ததால் பிறப்பிடம் மாறாது, லேபிள் ஒட்டினாலும் பேக்கிங் மாற்றினாலும் அது புதிய பிறப்பிடம் ஆகாது. சிக்கல் என்னவென்றால், மூன்றாவது நாட்டு மண்டலத்தில் சரக்கு நின்று போகும்போது, வழியில் அதில் யாரும் கை வைக்கவில்லை, சுங்கக் கண்காணிப்பிலேயே இருந்தது என்பதை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு நிரூபிக்க வேண்டும். அதற்கு நின்ற இடத்தின் சுங்கத் துறை ஒரு சான்று தர வேண்டும். நேரடியாகவே அனுப்பியிருக்க வேண்டும் என்று பழைய ஒப்பந்தங்கள் கேட்டன. பல புதிய ஒப்பந்தங்கள் அதைத் தளர்த்தி, சரக்கில் மாற்றம் செய்யப்படவில்லை என்றால் போதும், சுங்கக் கண்காணிப்பில் பிரித்துக்கூட அனுப்பலாம் என்கின்றன. ஆசியான் நாடுகள் தங்களுக்குள், முதல் சான்றை அடிப்படையாக வைத்து இடையில் உள்ள உறுப்பு நாடு பகுதிச் சரக்குக்கு இன்னொரு சான்று தரவும் வழி வைத்திருக்கின்றன. ஆக, உலகத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை.

நான் இங்கே வைத்திருந்த சரக்கில் ஒரு பகுதியை வேறு நாட்டில் உள்ள ஒருவர் கேட்டார், அவர் நாட்டுக்கும் அந்தச் சரக்கு உற்பத்தியான நாட்டுக்கும் ஒப்பந்தம் உண்டு. உங்கள் சுங்கப் பிரிவில் அந்தச் சான்றைக் கேட்டேன். அப்படி ஒரு படிவம் எங்களிடம் இல்லை என்றார்கள். மேலதிகாரியிடம் போனேன், மண்டல நிர்வாகத்திடம் கேளுங்கள் என்றார். மண்டல நிர்வாகம், அது சுங்கத் துறையின் வேலை என்று திருப்பி அனுப்பியது. சரக்கு பெட்டி திறக்கப்படாமல், சீல் உடையாமல், உங்கள் கண்காணிப்புக் கேமராவின் கீழேயே இருந்தது, அதை எழுதித் தர ஒரு கையெழுத்து கிடைக்கவில்லை. வாங்குபவர் முழு வரி கட்ட வேண்டிய நிலை வந்ததும் அந்தத் தொகையை என் விலையில் கழிக்கச் சொன்னார். கழித்தேன். அதோடு அவர் வேறு இடத்தில் வாங்கத் தொடங்கிவிட்டார். உங்கள் மண்டலம் உலகச் சந்தைக்கான நுழைவாயில் என்று விளம்பரத்தில் சொல்கிறீர்கள். அந்த ஒரு சான்று இல்லாமல் சலுகை வரி உள்ள எந்தச் சந்தைக்கும் இங்கிருந்து போட்டி போட முடியாது.

கட்டணங்களுக்கு வருகிறேன். உரிமக் கட்டணம் தெரியும், வாடகை தெரியும், ஒப்பந்தத்தில் இருக்கிறது. அப்புறம் வருவதுதான் தெரியாது: கேட் பாஸுக்கு ஒன்று, பரிசோதனைக்குப் பெட்டி திறந்தால் ஒன்று, காவலர் துணை வந்தால் ஒன்று, விண்ணப்பத்தைத் திருத்தினால் ஒன்று. ஒவ்வொன்றும் சிறியது, சின்ன லாட்டாக எடுப்பவனுக்குச் சேர்ந்து பெரிதாகிறது. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதி, ஏற்றுமதி தொடர்பான கட்டணங்களை, எதற்காக வாங்கப்படுகிறது, யார் வாங்குகிறார், எப்போது எப்படிக் கட்ட வேண்டும் என்பதோடு வெளியிட வேண்டும் என்கிறது அதன் 6-ஆவது பிரிவு. புதிய கட்டணம் என்றால் அறிவிப்பதற்கும் அமலாவதற்கும் இடையே போதிய கால இடைவெளி விட வேண்டும் என்றும், சுங்க நடைமுறைக்கான கட்டணம் செய்யும் சேவையின் செலவை ஒட்டியதாகவே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மண்டலத்தை நடத்துவது ஒரு நிறுவனம், அது அரசு இல்லை, அதனால் எங்களுக்குப் பொருந்தாது என்று நிர்வாகத் தரப்பில் ஒருவர் என்னிடம் சொன்னார். சட்ட நுணுக்கம் எப்படியோ இருக்கட்டும். சுங்க வாயிலைத் தாண்ட வேண்டுமானால் உங்களுக்குக் கட்டியே ஆக வேண்டும் என்றால், எங்களைப் பொறுத்தவரை அது கட்டாயக் கட்டணம். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும்.

உடைந்தது, கசிந்தது, ஈரத்தில் கெட்டது, இதைப் பற்றி ஒரு சின்னப் பத்தி போதும். உள்ளே வந்தபோது பதிந்த எண்ணிக்கைக்கும் இப்போது இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால், விளக்கத்தைக் கேட்பதற்கு முன்பே வரியையும் அபராதத்தையும் கேட்கிறீர்கள். விபத்தில் அழிந்தது நிரூபிக்கப்பட்டால் அதற்கு வரி இல்லை என்பது சுங்க உலகில் புதிய கொள்கை அல்ல. யார் முன்னிலையில் அழிக்க வேண்டும், என்ன படம், என்ன அறிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டால் செய்துவிட்டுப் போகிறோம்.

உங்கள் பக்கத்துக் கவலை எனக்குத் தெரியாமல் இல்லை, அது பொய்யும் இல்லை. பணமோசடியைத் தடுக்கும் சர்வதேசப் பணிக்குழு 2010-இலேயே தடையற்ற வர்த்தக மண்டலங்களின் ஓட்டைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகமும் சேர்ந்து 2018-இல் செய்த ஆய்வு, ஒரு நாட்டில் ஒரு மண்டலம் கூடும்போது அங்கிருந்து போகும் போலிச் சரக்கின் மதிப்பு சராசரியாக 5.9 சதவீதம் கூடுவதோடு தொடர்புடையது என்று கண்டது. போலி லேபிள் ஒட்டுபவர்களும், பிறப்பிடத்தை மறைப்பவர்களும், தடை செய்யப்பட்ட சரக்கைச் சின்னச் சின்னதாகக் கைமாற்றுபவர்களும் மண்டலங்களைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களால் எங்களுக்கும்தான் நஷ்டம், போலியோடு விலையில் போட்டி போடுவது நாங்கள்தான். ஆனால் 2019-இல் அதே அமைப்பு தந்த பரிந்துரை என்ன? மண்டலத்துக்குள் யார் இருக்கிறார்கள், என்ன சரக்கு, யாருக்குச் சொந்தம் என்ற விவரம் மின்னணு முறையில் சுங்கத்துக்குக் கிடைக்க வேண்டும், சுங்க அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சோதிக்க முடிய வேண்டும் என்ற திசையில்தான் அது இருக்கிறது. அதைச் செய்யுங்கள், நான் முழு மனதோடு வரவேற்கிறேன். என் சரக்குக் கணக்கை எந்த நேரத்திலும் திறந்து காட்டுகிறேன், எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். கண்காணிப்பை வலுப்படுத்துவது ஒன்று, சிறியவனின் சரக்கைப் பூட்டிவைப்பது வேறொன்று. ஏமாற்றுபவன் மொத்த கன்டெய்னராகவும் எடுப்பான், அவனிடம் பணம் இருக்கிறது. லாட் லாட்டாக எடுக்க வேண்டிய நிலையில் இருப்பது நாங்கள்தான்.

இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சுற்றறிக்கைக்குப் பிறகு, கிடங்கில் பகுதிச் சரக்கு வைத்திருப்பவர்கள் மொத்தத்தையும் எடுக்கக் கடன் தேடுகிறார்கள். கடன் கிடைக்காதவர்கள் உள்ளே இருக்கும் பெரிய வணிகர்களிடமே அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள், அவர்கள் வாங்கி மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் நோக்கம் அது இல்லை என்று நம்புகிறேன். ஆனால் உங்கள் முடிவு அங்கேதான் கொண்டுபோய் விட்டிருக்கிறது, ஒவ்வொரு வாரமும் இது நடக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

பகுதி பகுதியாக எடுப்பதற்கான தடையை உடனே நிறுத்திவையுங்கள். சின்ன லாட்டுகளால் வேலைப்பளு கூடுகிறது என்றால் வழி இருக்கிறது. வாரம் முழுக்க எடுத்ததற்குச் சேர்த்து ஒரே அறிவிப்புப் போடும் முறை அமெரிக்க மண்டலங்களில் நடைமுறையில் இருக்கிறது, அதைப் போல ஒன்றை இங்கே கொண்டுவாருங்கள். கணக்கு ஒழுங்காக வைத்திருப்பவர்களுக்கு முதலில் கொடுங்கள், நாங்கள் தயார்.

தங்கும் கால வரம்பு வேண்டும் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், காரணத்தை வெளியிடுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் சரக்குக்கு அதைப் பொருத்தாதீர்கள். வாடகை நிலுவை இல்லாமல், சரக்கு அசைவு இருக்கும் கணக்குகளுக்கு நீட்டிப்பை உரிமையாக வையுங்கள். அதிகாரியின் விருப்பத்துக்கு விடாதீர்கள். ஏலத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்பும், பதில் சொல்ல நேரமும் கட்டாயம் வேண்டும்.

வெளியே எடுக்கும் விதிகளை ஒரே ஆவணமாக, நாட்டு மக்கள் படிக்கும் மொழியில் வெளியிடுங்கள். எந்த நாளின் விகிதம், எந்த இன்வாய்ஸின் மதிப்பு, உள்ளே ஆன செலவு சேருமா, சேதத்துக்கு என்ன நடைமுறை, ஒவ்வொரு கட்டணமும் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் கணினி வேலை செய்யாததால் தாமதமானால், பணம் கட்டிய நாளின் விகிதமே செல்லும் என்பதையும் அதில் எழுதுங்கள். அந்த ஆவணத்துக்கு மாறாக ஒரு அதிகாரி சொன்னால் ஆவணம்தான் செல்லும் என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

சரக்கு மாற்றம் செய்யப்படாமல் சுங்கக் கண்காணிப்பில் இருந்தது என்பதற்கான சான்றுக்கு ஒரு படிவம், ஒரு பொறுப்பு அதிகாரி, ஒரு கால அளவு, மூன்றையும் சுங்கத் துறை அறிவிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

மண்டல நிர்வாகமும் சுங்கத் துறையும் சேர்ந்து உட்காரும் ஒரே மேசை வேண்டும். எங்களை ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பாதீர்கள். முறையீடு செய்தால் யார் விசாரிப்பார், அவருக்கு மேல் யார் என்பதும் வெளியே ஒட்டப்பட வேண்டும். இப்படிப்பட்ட முடிவுகளை எடுப்பதற்கு முன் வரைவை வெளியிட்டு எங்கள் கருத்தைக் கேளுங்கள், அந்தக் கூட்டத்தில் பெரிய கிடங்குகளை நடத்துபவர்களோடு சிறிய வணிகர்களுக்கும் இடம் கொடுங்கள்.

கடைசியாக, சுற்றறிக்கையில் நீங்கள் குறித்திருக்கும் அமல் தேதிக்கு முன்பாக இந்தக் கோரிக்கைகளுக்குப் பதில் வேண்டும். எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை எழுத்தில், பொறுப்பு அதிகாரியின் பெயரும் பதவியும் கையெழுத்தும் போட்டு, மண்டலத்தில் சரக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் அனுப்புங்கள்.